புதிய பேக்கேஜ் வேண்டாம்; கிடப்பில் கிடப்பதை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி படிக்கும் மாணவர்கள் கல்லூரியில் இருக்கும்போதே ஏதாவது ஒரு திறந்த மூல இயங்குதளத் திட்டத்தில் பங்களிப்பாளர் ஆகிவிட வேண்டும் என்று உங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எப்படி ஆவது என்ற இடத்தில், "கிட் (நிரல் மாற்றங்களைப் பதியும் கருவி) கற்றுக்கொள்ளுங்கள், கணக்குத் தொடங்குங்கள், கோடு (நிரல்) அனுப்புங்கள்" என்று மூன்று வரியில் கட்டுரை முடிந்துவிட்டது. அதை மட்டும் நம்பி இறங்குகிறவர் எங்கே முட்டிக்கொள்வார் என்பது பராமரிப்பு வேலையில் இருக்கும் எவருக்கும் தெரியும். லினக்ஸ் அடிப்படையிலான டெபியன் இயங்குதளத் திட்டத்தை உதாரணமாக வைத்து அதை மட்டும் எழுதுகிறேன்.

டெபியனை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு முதலாளி நிறுவனம் கிடையாது. உபுண்டு என்ற இயங்குதளம் இதன்மேல் கட்டப்பட்டது. ராஸ்பெரி பை இயங்குதளமும் அப்படியே. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படியே. டெபியனில் ஒரு பிழையைச் சரிசெய்தால் அந்தத் திருத்தம் இவற்றுக்கும் காலப்போக்கில் போய்ச் சேரும்.

முதலில் தெளிய வேண்டியது, டெபியன்காரர்கள் பெரும்பாலும் நிரல் எழுதுபவர்கள் அல்லர் என்பது. நிரலை வேறெங்கோ வேறு யாரோ எழுதுகிறார்கள். அவர்களை அப்ஸ்ட்ரீம் என்பார்கள். அதை வாங்கி, உரிமத்தைச் சரிபார்த்து, மற்ற மென்பொருள்களோடு மோதாமல் கட்டி (பில்ட் செய்து), வருடக்கணக்கில் பார்த்துக்கொள்வதுதான் டெபியனின் வேலை. இப்படி நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் தொகுப்பைப் பேக்கேஜ் என்பார்கள்; அப்படி 60 ஆயிரத்துக்கு மேல் உள்ளன. அதிகாரபூர்வ டெவலப்பர்கள் சுமார் ஆயிரம் பேர். இந்தக் கணக்கைப் பார்த்தாலே தெரியும், பற்றாக்குறை புதிய பேக்கேஜுக்கு அல்ல, இருப்பதைப் பார்த்துக்கொள்ளும் கைகளுக்கு. ஆனால் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் "நான் எழுதிய கருவியை டெபியனில் சேர்க்க வேண்டும்" என்றுதான் வருவார்கள். அந்தக் கதவுதான் இருப்பதிலேயே குறுகலானது.

எதை எடுப்பது என்பதற்கு இரண்டு கருவிகள் உள்ளன. டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜோடு வரும் டபிள்யூஎன்பிபி-அலர்ட் என்ற கட்டளையை ஓட்டினால், உங்கள் கணினியில் இப்போது இருக்கும் பேக்கேஜ்களில் எவை பராமரிப்பாளர் இல்லாமல் கைவிடப்பட்டவை, எவற்றுக்கு உதவி கேட்டிருக்கிறார்கள் என்று பட்டியல் தரும். ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப் என்ற பேக்கேஜை நிறுவினால், மென்பொருளை நிறுவும் ஆப்ட் கருவி ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதே தகவல் தானாக வரும்; புதியவர்களுக்கு ஏற்றவை என்று குறியிடப்பட்ட பிழைகளையும் காட்டும். தினமும் பயன்படுத்தும் மென்பொருளாகப் பார்த்து எடுத்தால், அது கெட்டால் உங்களுக்கே உறுத்தும். அந்த உறுத்தல்தான் இந்த வேலையில் ஆளை நிறுத்திவைக்கிறது. குரோமியம், லிப்ரே ஆபீஸ் மாதிரியானவற்றின் பக்கம் முதல் வருடத்தில் போகவே வேண்டாம். சாதாரண மடிக்கணினியில் ஒரு முறை கட்டவே பல மணி நேரமாகும். இடமும் பல்லாயிரம் எம்பி தின்னும். நூறு கோப்புகளுக்குள் அடங்கும் ஒரு சின்ன கட்டளை வரிக் கருவி போதும்.

கணினியில் டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளையே வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடப்பது, மாற்றங்கள் முதலில் ஏறும் அன்ஸ்டேபிளில்; சிட் என்பது அதன் பெயர். அதை விர்ச்சுவல் மெஷினிலோ, கணினிக்குள்ளேயே பிரித்துவைத்த குரூட் என்ற தனிச் சூழலிலோ வைத்தால் போதும். பிழையை ஸ்டேபிளில் பார்த்துவிட்டு அங்கேயே திருத்த முயல்வது அடிக்கடி நடக்கும் வீண்வேலை. அந்தப் பிழை சிட்டில் ஆறு மாதம் முன்பே சரியாகியிருக்கலாம். முதலில் சிட்டில் அதை மறுபடி வரவழைத்துப் பாருங்கள்.

வரவழைத்துப் பார்ப்பதே ஒரு முழுப் பங்களிப்பு. பதிவாகி வருடக்கணக்காக யாரும் தொடாத பிழையறிக்கைகள் ஏராளம். ஒன்றை எடுத்து, இன்றைய பதிப்பில் வருகிறதா, எந்தப் படிகளைச் செய்தால் வருகிறது, எந்தப் பதிப்பிலிருந்து வருகிறது என்று நான்கு வரி எழுதினால் பராமரிப்பாளருக்கு அரை நாள் மிச்சம். நிரலே எழுதத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். எழுதும்போது பிழையை முதலில் பதிந்தவரையும் மடலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிழை எண்ணுக்குரிய மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினால் அவருக்கும் தானாகப் போகும் என்று இருந்துவிடக் கூடாது.

புதுப் பிழையைப் பதிய ரிப்போர்ட்பக் என்ற கருவி உண்டு. பேக்கேஜின் பதிப்பு, சார்ந்திருக்கும் மற்ற பேக்கேஜ்கள், கணினி விவரம் எல்லாவற்றையும் அதுவே திரட்டிவிடும். அதிலிருந்து மின்னஞ்சல் போகாவிட்டால் ஆட்கள் வழக்கமான மின்னஞ்சலைத் திறந்து எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் மடலின் முதல் வரியில் பேக்கேஜின் பெயரும் அடுத்த வரியில் பதிப்பு எண்ணும் அதற்குரிய வடிவத்தில் இருக்க வேண்டும். படிப்பது மனிதர் அல்ல, சர்வர். "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கினால் எந்த பேக்கேஜ் என்று அதற்குத் தெரியாமல் போய்விடும். வணக்கமெல்லாம் மூன்றாவது வரிக்கு அப்புறம். எழுத்து அலங்காரம் இல்லாத வெறும் உரையாக அனுப்புங்கள். அனுப்பியது எல்லாரும் பார்க்கும்படி என்றைக்கும் இருக்கும். லாக் கோப்பை ஒட்டும் முன் அதில் கடவுச்சொல்லோ தொலைபேசி எண்ணோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிழை எவ்வளவு தீவிரமானது என்று அளவு போடுவதில் ஒரு வார்த்தை. கிரிட்டிகல், கிரேவ், சீரியஸ் மூன்றும் புதிய ஸ்டேபிள் பதிப்பின் வெளியீட்டையே தடுக்கும் அளவுகள். உங்களுக்கு அவசரம் என்பதற்காக அவற்றைப் போட்டால், பராமரிப்பாளர் முதலில் செய்வது அதைக் குறைப்பதுதான். உங்கள் அடுத்த மடலையும் அதே கண்ணோடுதான் படிப்பார்.

திருத்தத்துக்கு வருவோம். மூலத் தொகுப்புகளுக்கான வரி ஆப்டின் அமைப்பில் இல்லையென்றால் சேர்க்க வேண்டும். பிறகு ஆப்ட் சோர்ஸ் கட்டளையால் மூலத்தை இறக்கி, பில்ட்-டெப் கட்டளையால் கட்டத் தேவையானவற்றை நிறுவி, எதையும் மாற்றாமல் ஒரு தடவை கட்டிப் பாருங்கள். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பிற்பாடு, முன்பே இருந்த பழுதைத் தாங்கள் உண்டாக்கியதாக நினைத்து நாளைக் கழிப்பார்கள். மாற்றத்தை மூல நிரலில் நேரே எழுதக் கூடாது. டெபியன் என்ற அடைவுக்குள் இருக்கும் பேட்சஸ் அடைவில், குவில்ட் கருவியால் தனிப் பேட்சாக (மாறிய வரிகளை மட்டும் கொண்ட கோப்பாக) வைக்க வேண்டும். பேட்சின் தலையில் என்ன மாற்றம், ஏன், யார் எழுதியது, எந்தப் பிழை எண், அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பியாகிவிட்டதா என்று எழுத வேண்டும். மாற்றக் குறிப்பேடான சேஞ்ச்லாகில் டிசிஎச் கருவியால் ஒரு பதிவு போட்டு, பிழை எண்ணைக் குளோசஸ் என்ற சொல்லோடு சேர்த்தால், அந்தப் பதிப்பு ஏறும்போது பிழை தானே மூடிக்கொள்ளும்.

கட்டிப் பார்ப்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். உங்கள் மடிக்கணினியில் ஏற்கெனவே நூறு நூலகங்கள் இருக்கும். பேக்கேஜுக்கு வேண்டிய ஒன்றைக் கண்ட்ரோல் கோப்பின் பில்ட்-டிபெண்ட்ஸ் பட்டியலில் எழுத மறந்தாலும் உங்களிடம் அது கட்டப்பட்டுவிடும். டெபியனின் கட்டும் சர்வரிலோ ஒவ்வொரு முறையும் வெறுமையான சூழல், அங்கே உடையும். அதனால் எஸ்பில்ட் கருவி கொண்டு சுத்தமான குரூட்டில் கட்டிய பிறகே அனுப்புங்கள். பேக்கேஜைக் கட்டும் படிகள் உள்ள ரூல்ஸ் கோப்பு, மேக் கருவி படிக்கும் ஒரு மேக்ஃபைல். அதில் கட்டளை வரி தொடங்கும் இடத்தில் டேப் இருக்க வேண்டும். எடிட்டர் அதை இடைவெளிகளாக மாற்றிவிட்டால் "மிஸ்ஸிங் செபரேட்டர்" என்று நிற்கும். அந்தச் செய்தியைப் பார்த்து இடைவெளியைத் தேட வேண்டும் என்று புதியவருக்குத் தோன்றவே தோன்றாது.

கடைசியாக, பேக்கேஜில் விதிமீறல்களைத் தேடிக் காட்டும் லிண்டியன். அது காட்டுவதில் பிழை என்று வருவதைத் திருத்துங்கள், எச்சரிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் லிண்டியன் எச்சரிக்கைகளை மட்டும் நீக்கி நாற்பது பேக்கேஜுக்கு நாற்பது பேட்ச் அனுப்புவதால் யாருக்கும் பயனில்லை. அதைவிட மோசம், ஒரு வரிப் பிழையைத் திருத்தும் பேட்சுக்குள்ளேயே கண்ட்ரோல் கோப்பை அழகுபடுத்தி, பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பர் கருவியின் பதிப்பையும் ஏற்றி அனுப்புவது. படிக்கிறவருக்கு எது திருத்தம், எது அலங்காரம் என்று பிரிக்கவே ஒரு மணி நேரம் போகும். பழைய பேக்கேஜுக்கும் புதியதற்கும் வேறுபாட்டைக் காட்டும் டெப்டிஃப் எடுத்துப் பார்த்தால் நீங்கள் நினைத்த வரிகள் மட்டுமே மாறியிருக்க வேண்டும். அந்த டெப்டிஃபைப் பிழை எண்ணுக்கு இணைத்து அனுப்பி, பேட்ச் என்ற குறியைச் சேருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததைக் கட்டிக்கூடப் பார்க்காமல் அனுப்புகிறவர்கள் இப்போது வர ஆரம்பித்திருக்கிறார்கள். "இந்த வரி ஏன்?" என்ற முதல் கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வார்கள்.

அப்ஸ்ட்ரீமுக்கும் அனுப்புங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. 2006-இல் டெபியனில், குறியாக்கச் சாவிகளை உருவாக்கப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில், வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்த இரண்டு வரிகள் முடக்கப்பட்டன. அப்ஸ்ட்ரீமின் மடற்குழுவில் கேள்வி கேட்கப்பட்டதே தவிர, மாற்றம் முழுப் பேட்சாக அங்கே பரிசீலனைக்குப் போகவில்லை. சாவி உருவாக்கத் தேவையான தற்செயல்தன்மையே அந்த வரிகளோடு போய்விட்டது. ஓடும் நிரலுக்குக் கணினி தரும் புராசஸ் எண் ஒன்று மட்டும் மிஞ்சியது. ஒரு வகைச் சாவிக்கு மொத்தமே சுமார் 32 ஆயிரம் சாத்தியங்கள். 2008 மே மாதம் இது தெரியவந்தபோது, இடைப்பட்ட காலத்தில் டெபியனிலும் உபுண்டுவிலும் இந்த பேக்கேஜைக் கொண்டு உருவாக்கிய சாவிகள் அத்தனையையும் தூக்கி எறிந்து புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. எச்சரிக்கையை அடக்குவது வேறு, பிழையைத் திருத்துவது வேறு.

பேட்சை அனுப்பியாயிற்று, பதில் இல்லை. இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல் மடல் போடலாம். அதில் சிட்டின் இன்றைய பதிப்போடு பேட்சைப் பொருத்திப் பார்த்ததைச் சொல்லலாம். அதற்குப் பிறகும் மௌனம் என்றால் பராமரிப்பாளர் காணாமல் போயிருக்கக்கூடும். அப்படிப்பட்ட பேக்கேஜை முறைப்படி மீட்க வழி உண்டு: மீட்க விரும்புவதாக ஒரு பிழையறிக்கை பதிந்து 21 நாள் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே கைவிடப்பட்டதாக அறிவித்திருந்தால் வேலை இன்னும் சுலபம். அந்த அறிவிப்பின் தலைப்பில் இருக்கும் ஓ (கைவிடப்பட்டது) என்ற எழுத்தை ஐடிஏ (ஏற்கப்போகிறேன்) என்று மாற்றி, உங்கள் பெயரை உரிமையாளராகப் போட்டால் அது உங்களுடையது. பதிவேற்ற அனுமதி இல்லாதவர் மென்டார்ஸ் தளத்தில் பேக்கேஜை வைத்து, தனக்காகப் பதிவேற்றும் ஸ்பான்சரைக் கேட்டு ஆர்எஃப்எஸ் என்ற பிழையறிக்கை போட வேண்டும். ஒரு டெவலப்பர் பார்த்து, திருத்தச் சொல்லி, திருப்தியானால் தன் டிஜிட்டல் கையெழுத்தில் ஏற்றுவார். அவர் பெயரில் போவதால் அவர் நிதானமாகத்தான் பார்ப்பார். "இந்த வாரத்துக்குள் வேண்டும், கல்லூரி ரிவ்யூ இருக்கிறது" என்று எழுதினால் ஸ்பான்சர் கிடைக்க மாட்டார்.

புதிய பேக்கேஜ்தான் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: பேக்கேஜ் செய்யப்போவதாக ஐடிபி அறிவிப்பு, பிறகு ஸ்பான்சர், பிறகு புதியவற்றைச் சோதிக்கும் நியூ வரிசை. அந்த வரிசையில் ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் மனிதர் பார்க்கிறார். வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். திரும்பி வருபவற்றில் பல, உரிமங்களைப் பட்டியலிடும் காப்பிரைட் கோப்பினால் வரும். நிரல் முழுதும் ஜிபிஎல் உரிமம், உள்ளே செருகியிருக்கும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு மட்டும் வேறு உரிமம், அதை எழுதவில்லை என்பது வழக்கமான கதை. தமிழ் எழுத்துருக்களில் இந்தச் சிக்கல் தனியாக உண்டு. இணையத்தில் இலவசமாக இறங்குகிறது என்பதால் சேர்க்க முடியாது. உரிமமே இல்லாதது, "வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல" என்றிருப்பது, மாற்றக் கூடாது என்றிருப்பது எதுவுமே டெபியனின் முதன்மைத் தொகுதிக்குள் வராது. எழுத்துருவைச் செய்தவருக்கு எழுதி ஓபன் ஃபான்ட் உரிமத்தில் வெளியிட வைப்பது, பேக்கேஜ் கட்டுவதைவிடப் பெரிய உதவி.

சிட்டில் ஏறியது வழக்கமாக ஐந்து நாளில், அடுத்த ஸ்டேபிள் உருவாகும் டெஸ்டிங்குக்குப் போகும், புதிதாக வெளியீட்டைத் தடுக்கும் பிழை எதையும் கொண்டுவராமல் இருந்தால். வெளியீட்டுக்கு முன் சில மாதம் ஃபிரீஸ் என்ற முடக்கக் காலம்; அப்போது புதுப் பதிப்பு, அடைவு மாற்றம் எதுவும் வேண்டாம். பிழைத்திருத்தம் மட்டும். அந்த மாதங்களில் பேட்ச் அனுப்புபவருக்குத்தான் வரவேற்பு அதிகம். வெளியீட்டைத் தடுக்கும் பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கும் நேரம் அது.

நிரல் எழுதாதவர்களுக்கு மொழிபெயர்ப்பு உண்டு. டெபியனின் நிறுவிக்குத் தமிழ் இருக்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பு ஒருமுறை செய்து வைத்துவிடும் வேலை அல்ல. மூலச் சொற்றொடர் சற்று மாறினாலும் மொழிபெயர்ப்புகள் இருக்கும் பிஓ கோப்பில் அந்த வரி ஃபஸ்ஸி (ஐயத்துக்குரியது) என்று குறியிடப்பட்டுத் திரையில் ஆங்கிலமே வரும். சதவீதக் குறியோடு வரும் இடங்களில் நிரல் ஓடும்போது கோப்பின் பெயர் வந்து அமரும். அதற்கு ஐ, இல் என்று உருபு ஒட்டினால் திரையில் கோணலாக நிற்கும். உருபு தேவைப்படாதபடி வாக்கியத்தைத் திருப்பிப் போடுவதே வழி. இரண்டு பெயர் வரும் இடத்தில் தமிழில் வரிசை மாறும், அப்போது குறிகளுக்கு எண் கொடுக்காமல் விட்டால் எதிலிருந்து எதற்கு என்பது தலைகீழாகிவிடும். அனுப்பும் முன் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கருவியைச் சோதனை விருப்பத்தோடு ஓட்டினால், விடுபட்ட குறிகளை அதுவே சொல்லிவிடும்.

அடுத்தது சாவி. அதிகாரபூர்வமாக உள்ளே வர, டிஜிட்டல் கையெழுத்துக்கான ஜிபிஜி சாவி வேண்டும். 4096 பிட் ஆர்எஸ்ஏ வகைச் சாவியாக வைத்துக்கொள்ளுங்கள். டெவலப்பர் ஆவதற்கு ஏற்கெனவே டெவலப்பராக உள்ள இரண்டு பேர் உங்களை அடையாளம் கண்டு அதில் கையெழுத்திட வேண்டும். இங்கே நம் ஆட்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது: இனிஷியல். சாவியில் "எஸ். கார்த்திக்", பாஸ்போர்ட்டில் "கார்த்திக் சுப்பிரமணியன்", ஆதாரில் "கார்த்திக் எஸ்" என்றிருந்தால் வெளிநாட்டிலிருந்து வந்தவர் மூன்றும் ஒருவரா என்று யோசிப்பார். நீட்டிக்காட்டப்போகும் அட்டையில் உள்ளபடியே சாவியில் பெயரை எழுதுங்கள். சாவியை அடையாளம் காட்டும் 40 எழுத்து விரல்ரேகை எண்ணைத் தாளில் அச்சடித்துக் கொண்டுபோங்கள். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில், டெபியன் மாநாடான டெப்கான்ஃபின் சிறு வடிவமான மினி டெப்கான்ஃப் நடந்தது. அதே வருடம் செப்டம்பரில் கொச்சியில் உலக டெப்கான்ஃபே நடந்தது. கையெழுத்து வாங்க இப்படிப்பட்ட கூட்டங்கள்தான் தோது. சாவிக்குக் காலாவதித் தேதி வைத்தால், முடிய ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே நீட்டித்து டெபியனின் சாவி சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். சாவித் தொகுப்பு மாதத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. கடைசி நாளில் நீட்டித்தால் இடையில் பதிவேற்றவும் முடியாது, திட்டத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கவும் முடியாது.

படிநிலைகள் இரண்டு. டெபியன் மெயின்டெய்னர் என்றால் அனுமதி தரப்பட்ட பேக்கேஜ்களை மட்டும் ஸ்பான்சர் இல்லாமல் ஏற்றலாம். டெபியன் டெவலப்பர் என்றால் எல்லாவற்றையும் ஏற்றலாம், வாக்கும் உண்டு. அதற்குப் பரிந்துரை வேண்டும். கொள்கை, நடைமுறை, திறன் பற்றிய கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். மொழிபெயர்ப்பு, ஆவணம், நிகழ்ச்சி ஏற்பாடு செய்பவர்களும் பதிவேற்றும் உரிமை இல்லாத டெவலப்பர் ஆகலாம் என்று 2010-இல் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். இதற்கெல்லாம் எவ்வளவு நாளாகும் என்று கேட்பவர்கள் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் நடந்த சம்பவத்தைப் படிக்க வேண்டும். ஒரு பெயர் இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பேட்ச்களாக அனுப்பி, அந்தச் சுருக்கும் மென்பொருளின் பராமரிப்பாளர் பொறுப்பையே வாங்கி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு வைத்தது. 2024 மார்ச் 29 அன்று அது வெளிவந்ததே, டெபியன் சிட்டில் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதை ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்ததால்தான். ஸ்டேபிளுக்கு அது போய்ச் சேரவில்லை. பொறுமையாக நடித்தவரையே முழுதாக வடிகட்ட முடியாதபோது, அவசரப்படுகிறவரை எப்படி நம்புவார்கள்?

கல்லூரிகளுக்கு ஒரு கோரிக்கை. எத்தனை பேட்ச் ஏற்கப்பட்டது என்று எண்ணி மதிப்பெண் போடாதீர்கள். 2020 அக்டோபரில், திறந்த மூலத் திட்டங்களுக்குப் பங்களிப்பவர்களுக்கு ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்ச்சி தரும் டி-சட்டைக்காக, ரீட்மி கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து ஆயிரக்கணக்கில் மாற்றக் கோரிக்கைகள் குவிந்தன. பராமரிப்பாளர்கள் வெறுத்துப்போய்க் கேட்டதன் பேரில், விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று நடத்துபவர்கள் தொடங்கிய சில நாளிலேயே விதியை மாற்றினார்கள். மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால் மாணவரிடம் பிழை எண் ஒன்றைக் கேளுங்கள். அந்தப் பக்கத்தில் அவர் என்ன சோதித்தார், பராமரிப்பாளர் என்ன கேட்டார், என்ன பதில் சொன்னார் எல்லாம் தேதியோடு இருக்கும். பேட்ச் நிராகரிக்கப்பட்டிருந்தாலும் இரண்டாவது, மூன்றாவது வடிவம் அனுப்பியிருந்தால் முழு மதிப்பெண் கொடுக்கலாம். காலக்கெடுவைப் பருவத் தேர்வோடு முடிச்சுப் போடாமல் இரண்டு பருவமாக வையுங்கள். ஒரு வகுப்பில் அறுபது பேர் இருந்தால் அறுபது பேரையும் ஒரே பேக்கேஜ் மீது ஏவிவிடாதீர்கள். அங்கே உட்கார்ந்து பதில் எழுதுவது பெரும்பாலும் ஒரே ஒரு ஆள், அதுவும் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு.

இப்படிக்கு,
டெபியன் பேக்கேஜ் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்,
திருநெல்வேலி